கழுவிக்கொண்டு போன கால்

இன்னொருவர் கழுவப்போகிற காலை, முன்கூட்டியே இரண்டு மணி நேரம் தேய்த்துக் கழுவிய முட்டாள் நான். பெரிய வியாழன் மாலைப் பூசையில், இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாக, பங்குச்சாமியார் ஊர் ஆண்கள் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துக் கால் கழுவுவார். இரண்டாயிரத்தை ஒட்டிய ஒரு வருடம், ராயப்பன்பட்டியில் அந்தப் பன்னிரண்டில் நானும் ஒருவன். என் குதிகால் வெடிப்பைச் சாமியார் பார்த்துவிட்டால் மானம் என்னாவது? மதியம் சாப்பிட்ட கையோடு வாசற்படியில் உட்கார்ந்து, தேங்காய் நார், பீர்க்கங்காய் நார், சீயக்காய் என்று தொடங்கினேன். தெருவில் போனவர்களெல்லாம் சிரித்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, பெருவிரல் பளபளத்தது.

"பன்னெண்டு பேருல ஒருத்தன் யூதாசு. நீங்க எத்தனாவது நாற்காலி?" என்றாள் மனைவி.

எனக்கு அதில் குழப்பமே இல்லை. காட்டிக்கொடுக்கிற யூதாஸ் என் பக்கத்துத் தோட்டக்காரர்தான். உறவில் மாமா முறை. எங்கள் இருவர் திராட்சைக்கும் ஒரே கிணறு. ஒரு நாள் அவர் முறை, மறுநாள் என் முறை. கோடையில் அரை நாள் இறைத்தால் தரை தெரிந்துவிடும். என் முறையில் அவர் திருட்டுத்தனமாக மோட்டார் போடுகிறார் என்று எனக்குச் சந்தேகம். ஒருமுறை சுவிட்சுப் பெட்டியின் கதவிடுக்கில் தீக்குச்சியைச் செருகிவைத்தேன். மறுநாள் குச்சி கீழே கிடந்தது. காற்றடித்திருக்கும் என்றார். காற்றுக்கு எதற்குத் தண்ணீர் என்றேன். அதோடு பேச்சு நின்று இரண்டு மாதம்.

அந்த வியாழன் என் முறை. காய் பருக்கிற நேரம். அன்று தண்ணீர் காட்டாவிட்டால் அடுத்த முறை வருவதற்குள் கொத்துகள் சுருங்கிவிடும். மோட்டாருக்கான மும்முனைக் கரண்டோ காலையிலிருந்து வரவில்லை. மதியம் வரை கிணற்றடியில் காத்துக் கிடந்துவிட்டு, இனி வராது என்றுதான் வீட்டுக்கு வந்து காலைத் தேய்க்க உட்கார்ந்தேன்.

கோயில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியார் என் பக்கத்து நாற்காலியை மாமாவுக்கு என்று ஒதுக்கியிருந்தார். எங்களைப் பேசவைக்கச் சாமியாரும் உபதேசியாரும் சேர்ந்து செய்த சதி, சந்தேகமில்லை. வேத வாசகங்கள் முடியும் நேரத்தில் மாமா மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தார். கால் முழுக்க ஈரச் சேறு.

சேறு! அப்படியானால் மதியம் கரண்டு வந்திருக்கிறது. என் தண்ணீர் அவர் தோட்டத்தில் பாய்ந்திருக்கிறது.

"எங்கன இருந்து வாறீக?" என்று கிசுகிசுத்தேன்.

"பூசையில பேசாத, மாப்ள."

"யூதாசின் காலையும் ஆண்டவர் கழுவினார்" என்று பிரசங்கத்தில் சாமியார் சொன்னார். நான் ஓரக்கண்ணால் மாமாவைப் பார்த்தேன். பிறகு சாமியார் தாம்பாளத்தோடு வந்தார். என் காலில் ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே தெளிவாக விழுந்தது. ஒரு நொடியில் என்னைக் கடந்துவிட்டார். மாமாவின் முன்னால் மண்டியிட்டவர் எழுந்திருக்கவே இல்லை. இரண்டு செம்புத் தண்ணீர் ஆனது, துண்டு செம்மண் நிறமானது. சாமியார் ஆதாரத்தையல்லவா கழுவிக்கொண்டிருந்தார்!

மறுநாள் பெரிய வெள்ளி. விடிந்ததும் களவைக் கையும் மெய்யுமாகப் பிடிக்கத் தோட்டத்துக்குப் போனேன். மாமாவின் பந்தலுக்குக் கீழே மண் காய்ந்து கிடந்தது. என் பந்தலுக்குள் கால் வைத்தேன். தேய்த்துத் தேய்த்து மினுக்கிய கால் கணுக்கால் வரை சேற்றில் இறங்கியது. ஒரு கொடி விடாமல் தண்ணீர் பாய்ந்திருந்தது.

தன் காலைக் கழுவ வேண்டாம் என்று பேதுரு மறுத்தாராம். நான் அவரைவிடக் கெட்டிக்காரன். ஆண்டவர் கழுவுவதற்கு ஒன்றுமே காட்டாமல் மறைத்துக்கொண்டு போனேன். அழுக்கு இருந்த இடத்துக்குத் தேங்காய் நார் எட்டவில்லை. இப்போதும் ஒவ்வொரு பெரிய வியாழனும் அந்தச் சேற்றுக்காலைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை கிணற்றடியில் மாமா நின்றிருந்தார். அப்போதுகூட என் சந்தேகம் முழுதாகப் போகவில்லை.

"நேத்து மோட்டாரப் போட்டது நீங்கதான?"

"ஆமா."

"என் தோட்டத்துக்கு நீங்க எதுக்குப் பாச்சுனீக?"

"நீதான் கால் கழுவிக்கிட்டு இருந்தியே."