நாஞ்சில் நாட்டில் நாலு பேர் ஜாஸ் வாசித்தோம்

வாத்தியக்காரன் தொழிலில் முக்கால் பங்கு சுமப்பதும் காத்திருப்பதும்தான். மிச்சக் கால் பங்கில்தான் வாசிப்பு. கல்யாண வீட்டில் பந்தி முடியும்வரை வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு, சாம்பார் வாசனை பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். நீங்கள் நாதஸ்வரமோ ஆர்மோனியமோ வாசித்திருப்பீர்கள். நான் நாகர்கோவிலில் ஜாஸ் வாசித்தேன். அவ்வளவுதான் வித்தியாசம், பசி ஒன்றுதான்.

கூடியது எப்படி

சுதந்திரம் வந்த வருஷம் ஆசீர்வாதம் பட்டாளத்திலிருந்து திரும்பினான். யுத்தத்தின்போது அஸ்ஸாமில் ராணுவ பேண்டில் டிரம்பெட் ஊதியவன். பக்கத்து முகாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடம் ஜாஸ் கற்றுக்கொண்டு, ஒரு டிரம்பெட், ஒரு கிராமபோன், பதினோரு இசைத்தட்டு சகிதம் வடசேரியில் வந்து இறங்கினான். நான் அப்போது ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. பள்ளி நாட்களில் மிஷன் பங்களாவில் வயலின் படித்தவன். சீமைக்குத் திரும்பிய துரைசானி ஒருத்தி விட்டுப்போன டபுள் பேஸ் ஒன்று அங்கே கிடந்தது. ஆளைவிட உயரமான பெரிய வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடத்தை அடைக்கிறது என்று எனக்கே கொடுத்துவிட்டார்கள். கிளாரினெட்டுக்கு சுசீந்திரம் பக்கமிருந்து சுடலைமுத்து வந்தான், நாதஸ்வரக்கார வீட்டுப் பிள்ளை.

டிரம் அடிக்கத்தான் ஆள் இல்லை. ஒருநாள் மயிலாடி வழியாகப் போன ஆசீர்வாதம், கல்பட்டறையில் உளிச் சத்தம் கேட்டு சைக்கிளை நிறுத்தியிருக்கிறான். ஆறேழு பேர் கொத்திக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தருடைய அடி மட்டும் கடிகாரம் போல விழுந்திருக்கிறது. அவர்தான் ஆறுமுகம் ஆசாரி. எங்கள் மூவரையும்விடப் பத்து வயது மூத்தவர். டிரம்மைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, தட்டிப் பாருங்கள் என்றோம். கால் மணி நேரம் தட்டினார். பிறகு குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. தப்பா அடிச்சா உடைஞ்சு போகாதுல்லா? அப்பம் எனக்குப் பயமில்ல."

பஸ்ஸில் ஒரு இருக்கை

எங்களுக்கு முதலில் நிரந்தரமாகக் கிடைத்த இடம் கீரிப்பாறை மலைப் பக்கம் எஸ்டேட் துரைமார்களின் கிளப். சனிக்கிழமை பிற்பகல் அவர்கள் தேநீர் குடித்து நடனம் ஆடுவார்கள், நாங்கள் வாசிக்க வேண்டும். தடிக்காரன்கோணம் வரை பஸ், அதற்கு மேல் எஸ்டேட் லாரி. டபுள் பேஸை பஸ் கூரையில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டுவோம்.

ஒரு சனிக்கிழமை பூதப்பாண்டி தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்தால் பலகை விட்டுப்போகும். நான் கத்திய கத்தலில் கண்டக்டர் இரக்கப்பட்டு, அதை இறக்கி உள்ளே கொண்டுவரச் சம்மதித்தார். கடைசி நீள இருக்கையில் படுக்க வைத்து, துணி போட்டு மூடினோம். அங்கே இருந்தவர்கள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், ஒருத்தர்கூடச் சண்டைக்கு வரவில்லை. அதுவே எனக்கு வெட்கமாக இருந்தது. அழகியபாண்டியபுரத்தில் வாழைக்குலை விற்றுவிட்டு வந்த ஒரு அம்மாள் ஏறினாள். இருக்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அதன் காலடிப் பக்கம் ஒண்டி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "மக்கா, சீக்காளியா? எந்த ஆசுபத்திரிக்குக் கொண்டு போறிய?"

கமகம்

கிளப்பில் வாசித்த முதல் நாலைந்து வாரம் இசைத்தட்டில் இருப்பதை அப்படியே வாசித்தோம். ஜாஸில் ஒரு சௌகரியம் உண்டு. பாட்டை எல்லோரும் சேர்ந்து தொடங்கினால், நடுவில் ஒவ்வொருத்தராக மனதில் தோன்றியதை வாசிக்கலாம். மறுபடி கூடும் இடத்துக்குத் தவறாமல் வந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் சட்டம். ஆசீர்வாதம் இதைச் சொன்னதும் சுடலைமுத்து, "இதுக்கா அஸ்ஸாம் வரைக்கும் போனீரு? எங்க வீட்டுல தினமும் நடக்குதது" என்றான்.

அடுத்த சனிக்கிழமை அவன் முறை வந்தது. ஒரு சுரத்தைப் பிடித்து இழுத்தான், அசைத்தான், தோடியில் போய் இறங்கிவிட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஆசாரி தாளத்தை விடவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் ஆடிக்கொண்டிருந்த எட்டு ஜோடியும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்தபடி அப்படியே நிற்கிறார்கள். வேலை போயிற்று என்று நினைத்தேன். பெரிய துரை பட்லரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். திருவிதாங்கோடு பக்கத்துக்காரரான அந்த பட்லர் எங்களிடம் வந்து கைகட்டி நின்று மொழிபெயர்த்தார்: "தொரைக்குப் பாட்டு பிடிச்சிருக்கு. ஆனா இதுல எந்தக் காலை மொதல்ல எடுத்து வைக்கணும்னு எழுதித் தரச் சொல்லுகாரு."

வக்கீல் சொன்னது

சனிக்கிழமைதோறும் மத்தியானத்தோடு விடுப்பு கேட்டால் எந்த முதலாளிதான் சும்மா இருப்பார்? உங்களில் பகலில் ஆபீசும் மாலையில் வாத்தியமுமாக இருந்தவர்களுக்கு அந்த முகம் நினைவிருக்கும். என் வக்கீல் ஒரு வருஷம் பொறுத்தார். பிறகு ஒருநாள் கட்டுக்கட்டாக வக்காலத்தை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஓய் ஞானமுத்து, காலையில வந்த கட்சிக்காரன் 'பெரிய வயலின்காரரு ஆபீசு இதுதானா'ன்னு கேக்கான். என் போர்டைக் கழத்தட்டுமா, இல்ல பக்கத்துல கொஞ்சம் எடம் தருவீரா?"

போதகரின் சந்தேகம்

கிறிஸ்தவக் கல்யாணங்களுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு கல்யாணத்தில், விருந்து நேரத்தில், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய கீர்த்தனையை ஆசீர்வாதம் எடுத்தான். முதல் சுற்று பவ்வியமாகவே வாசித்தோம். இரண்டாம் சுற்றில் ஆசாரியின் கை சும்மா இருக்கவில்லை. மூன்றாவதில் பந்தியில் இருந்தவர்கள் இலையில் தாளம் போட்டார்கள்.

வெள்ளை அங்கியில் போதகர் எழுந்து எங்களை நோக்கி வந்தார். எங்களுக்கு வாசிப்பு நின்றுபோயிற்று. ஆசீர்வாதத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். கோபக்காரர் என்று பெயர். சபையை விட்டு நிறுத்திவைத்தால் என் கல்யாணமே நின்றுவிடும். அப்போதுதான் பெண் பேசி முடித்திருந்தார்கள். அவர் எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி அவர் சொன்னார்: "வாற ஞாயித்துக்கெழமை இதைக் கண்டிச்சுப் பிரசங்கம் பண்ணணும். சரியாக் கேக்கல்ல. முதல்லேருந்து இன்னொரு தடவை வாசிங்க."

மாமா

சுடலைமுத்துவின் மாமா பெரிய நாதஸ்வர வித்துவான். மருமகன் எங்களோடு சேர்ந்த அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. மகளை அவனுக்குக் கொடுப்பதாக இருந்ததையும் நிறுத்திவிட்டார். சுடலைமுத்து இதை எங்களிடம் சொன்னதே கிடையாது. தோவாளையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது. முகூர்த்தத்துக்கு மாமாவின் நாதஸ்வரம், மத்தியானம் வரவேற்புக்கு நாங்கள். ஒரே பந்தலில் இரண்டையும் ஏற்பாடு செய்த புண்ணியவான் யார் என்று இன்றுவரை தெரியாது.

சுடலைமுத்து கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்து மூடினான். "எனக்குச் சொகமில்ல, நீங்க மூணு பேரும் சமாளிங்க" என்றான். ஆசீர்வாதம் கிளாரினெட்டுக்கு முக்கியமான பாட்டையே தொடங்கினான். வேறு வழியில்லாமல் சுடலைமுத்து கிளாரினெட்டை எடுத்தான். மாமா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சுடலைமுத்து அன்றைக்கு வேடிக்கை எதுவும் செய்யவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சுரமாக, அந்த முதுகைப் பார்த்தே வாசித்தான். நாங்கள் மூவரும் அடக்கி வாசித்தோம். முடிந்ததும் மாமா எழுந்து வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். கிளாரினெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கொழலுதான் வேற. மூச்சு நம்ம வீட்டு மூச்சு. அத்தை ஒன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கா, வந்துட்டுப் போ."

பல்

பார்வதிபுரத்தில் ஆசீர்வாதம் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் இரண்டையும் போக்கிக்கொண்டான். டிரம்பெட் ஊதுகிறவனுக்கு முன்பல் போவது ஓட்டக்காரனுக்குக் கால் போவது மாதிரி. ஐந்து மாதம் ஊதவில்லை. ஆனால் நாங்கள் வாசித்த இடத்துக்கெல்லாம் கோட்டு போட்டுக்கொண்டு வந்தான். டிரம்பெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். அவன் முறை வரும் இடத்தில் நாங்கள் ஒரு சுற்றைக் காலியாக விடுவோம். யாரும் பேசி வைத்துச் செய்ததில்லை.

டாக்டர் ஒருவர் பொய்ப்பல் கட்டிக் கொடுத்தார். சாப்பிட வசதியாக இருந்தது, ஊத உதவவில்லை. தகடு தடிமன், காற்று பக்கவாட்டில் போய், மேல் சுரம் எல்லாம் சீட்டி அடித்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டு, டிரம்பெட்டை ஒரு பள்ளிக்கூட பேண்டுக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னான். ஆசாரி அவன் முன்னால் துண்டை விரித்து, "பல்லைக் கழத்தி இதுல வை" என்றார். மயிலாடிக்குக் கொண்டுபோனவர், சிலைக்குக் கண் திறக்கும் சின்ன அரத்தை வைத்து இரண்டு நாள் தேய்த்திருக்கிறார்.

என் வீட்டு முற்றத்தில் வைத்து ஆசீர்வாதம் அதை மாட்டினான். அடியிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறினான். ஐந்து மாதத்துக்கு மேலாகக் கேட்காத அந்த மேல் சுரம் சுத்தமாக வந்து நின்றது. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆசாரி அரத்தைத் துடைத்து மடியில் சொருகிக்கொண்டு சொன்னார்: "யாளிக்கு எத்தனை பல்லு வெட்டியிருக்கேன். ஒண்ணு ஆடுதுன்னு எவனும் திரும்பி வந்ததில்ல பாத்துக்கோ."

லாரியின் மேல்

எங்கள் தாலுகாக்கள் மலையாள ராஜ்யத்தை விட்டு மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தபோது ஊரெல்லாம் கொண்டாட்டம். ஊர்வலத்தில் வாசிக்க எங்களையும் ஒரு லாரியில் ஏற்றினார்கள். வெயிலில் நின்று, தெரிந்ததையெல்லாம் வாசித்தோம். கொடி பிடித்து முன்னால் நடந்தவர் ஒரு திருப்பத்தில் லாரியை நிறுத்தச் சொன்னார். மொழிக்காக அடிபட்டவர், ஜெயிலுக்குப் போனவர். "நீங்க வாசிக்கது தமிழ்ப் பாட்டா, மலையாளப் பாட்டா?" என்று கேட்டார். ஆசீர்வாதம் உண்மையைச் சொன்னான், அமெரிக்கப் பாட்டு என்று. அவர் சற்று யோசித்தார். பிறகு லாரியின் பக்கவாட்டில் தட்டி, புறப்படச் சொல்லிவிட்டு உத்தரவு போட்டார்: "அப்பம் குத்தமில்ல. ஆனா கொழலை மெட்ராஸ் பக்கமாத் திருப்பி ஊதுங்க."

பம்பாய்க் கடிதம்

அந்த நாட்களில்தான் சுடலைமுத்து எண்ணெய்ச் சீசா தேடி டிரம்பெட் பெட்டியைத் திறந்தபோது ஒரு கடிதம் கிடைத்தது. பம்பாயில் ஒரு ஹோட்டலில் டிரம்பெட் வாசிக்க ஆசீர்வாதத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். பட்டாள நண்பன் எவனோ சொல்லியிருக்கிறான். கடிதம் வந்து ஒரு மாதமாகிவிட்டது. கேட்டால், "நாலு பேரையும் கூப்பிடட்டும், அப்பம் போறேன்" என்றான். நாலு பேர் எங்கே போவது? எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. சுடலைமுத்துவுக்கு மாமா மகளோடு கல்யாணம். ஆசாரிக்குக் கோயில் வேலை. மலைக் கிளப்பில் துரைமார்களில் பாதிப்பேர் ஊருக்குப் போயாயிற்று, மிச்சப்பேருக்கு ரேடியோ போதும். கடைசியில் ஆசாரிதான் பேசினார்: "நீ போகல்லன்னா நாளையிலேருந்து நான் டிரம்மத் தொட மாட்டேன். போனாலும் தொட மாட்டேன். ரெண்டுல எது ஒனக்கு நல்லதுன்னு நீயே பாத்துக்க."

போனான். மூன்று மாதம் கழித்து எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கடிதம் வந்தது. ஹோட்டலைப் பற்றி, கடலைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி இரண்டு பக்கம். ஆசாரியின் கல்பட்டறையில் உட்கார்ந்து நான் உரக்க வாசித்தேன், அவர் உளியை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தான்: "இங்கே பதினாலு பேர், எல்லாரும் பேப்பரைப் பார்த்துத்தான் வாசிக்கிறார்கள், நான் தப்பாக ஊதினால் சிரிக்கக்கூட ஒருத்தனும் தலையைத் தூக்குவதில்லை."

ஒன்பது வருஷம் வாசித்தும் ஜாஸ் என்றால் என்ன என்று எங்கள் ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லத் தெரியாமல் முழித்திருப்போம் என்பதால், அந்த மட்டில் ஊருக்கும் எங்களுக்கும் மனஸ்தாபம் ஒன்றும் இல்லை.