பணத்துக்குப் போய்ப் பேச்சோடு வந்தவன்

வரவேண்டிய பணத்தைக் கேட்கத் திருமுடிவாக்கம் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் என் மனைவி வாசலிலேயே கேட்பாள்: "பணம் வந்துச்சா, டயலாக் வந்துச்சா?"

டயலாக்தான் வந்திருக்கும். நான் தாம்பரத்தில் வீட்டிலிருந்தபடியே இரும்புப் பட்டறைகளுக்கு, செய்யவேண்டிய பாகங்களின் அளவு குறித்து டிராயிங் போட்டுக் கொடுப்பவன். யாரிடமும் படித்ததில்லை, செல்போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. திருமுடிவாக்கத்துப் பட்டறை முதலாளி ஒருவருக்கு ஏழு டிராயிங் போட்டுக் கொடுத்தேன். முதல் பில் கொடுத்தே எட்டு மாதம் ஆகிவிட்டது. எழுதி வாங்கிய ஆர்டர் ஒன்றும் கிடையாது. "நமக்குள்ள இன்னா தம்பி பேப்பரு?" என்று அவர் கேட்டபோது, அந்த 'நமக்குள்ள' எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

ஒருமுறை சொன்ன சாக்கை மறுமுறை சொல்ல மாட்டார். "உன் பணம் உன்னாண்ட இருந்தா செலவாயிடும், என்னாண்ட பத்திரமா கீது" என்பார். "எனக்கு வரணும், அப்பால உனக்கு வரும். லைன்ல நில்லு, நானும் லைன்லதான் நிக்கிறேன்" என்பார். கோபத்தோடு போனவன் சிரித்துக்கொண்டே திரும்புவேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதுதான் அந்தச் சிரிப்பு அடங்கும்.

அப்புறம் அடகு நோட்டீஸ் வந்தது. நான் டிராயிங் போடும் கம்ப்யூட்டர் வாங்குவதற்காக அவள் கழற்றிக் கொடுத்த இரண்டு வளையல்கள். வெள்ளிக்கிழமைக்குள் மீட்காவிட்டால் ஏலம். "இந்த வாட்டி சிரிக்காம வாங்க, போதும்" என்றாள்.

புதன்கிழமை போனேன். முதலாளி வெளியே போயிருந்தார். டிரில்லிங் மெஷின் பக்கம் நின்றேன். என்னுடைய ஏழாவது டிராயிங் அங்கே டேப் போட்டு ஒட்டியிருந்தது. கீழே அறுபது இரும்புப் பிளேட் அடுக்கி, முதல் பிளேட்டை அப்போதுதான் மாட்டிக்கொண்டிருந்தார் ஆபரேட்டர்.

"நீ போட்டதா சார் இது? கோலம் கணக்கா கீது."

பெருமையோடு எட்டிப் பார்த்தேன். ஓரத்திலிருந்து முதல் துளைக்கான தூரத்தை ஐந்து மில்லிமீட்டர் குறைத்துப் போட்டிருந்தேன். என் தப்புதான். வாயை மூடிக்கொண்டிருந்து, முதலாளி வந்ததும் உள்ளே போய், "முதல்ல பணம், அப்புறம் ஒரு விஷயம் சொல்றேன்" என்று உட்கார்ந்திருக்கலாம். அந்தப் புத்தி வந்தது வீடு திரும்பும் வழியில்தான். அங்கே வாய் முந்திக்கொண்டது.

"அண்ணா, ஆஃப் பண்ணுங்க! அளவு தப்பு!"

வாசலில் கார் நின்றதையோ, முதலாளி இறங்கி வந்ததையோ நான் கவனிக்கவில்லை. அவர் கத்தவில்லை. அங்கேயே உட்காரவைத்து டீ கொடுத்தார்.

"நல்ல வேள, நீயே சொன்ன. அறுபது பிளேட்டு வீணா பூட்டிருக்கும். மத்த ஆறுல எத்தினி தப்பு கீதோ? ஒண்ணொண்ணா செக் பண்ணணும். அப்பால பில்ல பாக்கலாம்."

"அந்த ஆறையும் மெஷின்ல ஓட்டி, டெலிவரி குடுத்து, காசு வாங்கிட்டீங்களே சார்."

"வாங்கினா? நாளைக்கே எவனாவது சரக்க திருப்பி எத்தினு வந்து நின்னா, நீயா பதில் சொல்லுவ?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரி வளையல் ஏலத்துக்குப் போகுது சார்" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு மிடறு டீ குடித்தார். "வளையல் போனா இன்னா தம்பி, கை கீதில்ல?"

ஆபரேட்டர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எனக்கோ, எட்டு மாதப் பழக்கம், உதடு தானாக விரிந்துவிட்டது. அதைப் பார்த்து அவரும் சிரித்தார். நான் ஆபரேட்டரிடம் பேனா வாங்கி, ஒட்டியிருந்த டிராயிங்கில் அளவைத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன்.

வாசலில் அவள் காத்திருந்தாள். "இன்னைக்கு என்ன சொன்னாரு?"

"ஆள் இல்ல."

எட்டு மாதத்தில் முதல்முறையாக பணமும் இல்லாமல், டயலாக்கும் இல்லாமல் வந்து நின்றேன். அவள் நோட்டீஸை நாலாக மடித்துக் கம்ப்யூட்டருக்கு அடியில் செருகினாள்.

"ஏலத்துல கடன் போக மிச்சம் வந்தா, நம்ம கணக்குல போட்டுடுவாங்களாம்" என்றாள்.