பில்டுக்கு முந்தைய ஒன்பது வேலைகள்

நாரின் என்ற மலையூரில் சைகல் என்ற பெயரைச் சொன்னால் அவள் வீட்டு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. ஆனால் அவள் எழுதிய செயலி மலையில் பாதி இடையர்களின் கைப்பேசியில் இருக்கிறது. வயது இருபத்தாறு. நடை வேகம், கோபம் அதைவிட வேகம்.

மே மாதக் கடைசியில் மந்தைகள் மேய்ச்சலுக்கு மேலே ஏறும். ஊர் எல்லை பெட்ரோல் பங்க்கைத் தாண்டினால் செப்டம்பர் வரை சிக்னல் கிடையாது. அதனால் பாதை, பாலம், ஊற்று எல்லாவற்றையும் செயலிக்குள்ளேயே அடைத்துக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு பில்டுக்கும், அதாவது செயலியின் புதுப் பதிப்பைக் கட்டுவதற்கும், முன்னால் ஒன்பது வேலை: பழைய கோப்புகளைத் துடைப்பது, புது வரைபடத்தை இறக்குவது, பாலப் பட்டியலைச் சேர்ப்பது, இப்படி. அத்தனையும் சைகல் கையால் செய்வாள். திரையோரம் ஒட்டிய காகிதத்தில் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே போவாள்.

போன வருடம் ஐந்தாவது டிக் போட்டபோது பக்கத்து அறையில் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டும் போகாமல் இருப்பது அங்கே ஆளை அறைவதற்குச் சமம். போனாள், நாலு கிண்ணம் குடித்தாள், வந்து ஏழிலிருந்து தொடங்கினாள். விட்டுப்போன ஆறாவதுதான் பாலப் பட்டியல். இடையர் ஜூமாபாய் பெரியவர் செயலியை நம்பி மந்தையை ஓட்டிப் போனார். அது காட்டிய இடத்தில் பாலம் இல்லை. ஆற்றில் இறங்கிக் கடந்ததில் பதினோரு ஆட்டுக்குட்டிகள் வெள்ளத்தோடு போயின. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவேயில்லை.

இந்த வருடம், ஒன்பதையும் தானாகவே செய்து முடிக்கும் ஸ்கிரிப்ட் நிரல் ஒன்றைக் காலையிலிருந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்று தவறினாலும் பில்ட் நின்றுவிடும்.

"ரெண்டு மணிக்கு மந்தை கிளம்புது, இப்பப் போயா இது?" முதலாளி தெமிர்பெக் தலையில் கை வைத்தார். "கையாலேயே போட்டுடு தாயீ. பத்து நிமிஷ வேலை."

"போன வருஷமும் பத்து நிமிஷம்தாண்ணே ஆச்சு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

ஒன்றரைக்கு ஸ்கிரிப்டை ஓட்டினாள். ஆறாவதில் சிவப்பு எழுத்து: பட்டியலில் போன வருடத் தேதி. பில்ட் நின்றது.

"பாத்தியா, புட்டுக்கிச்சு உன் மந்திரம்!"

"புட்டுக்கலண்ணே. பழச உள்ள விடமாட்டேங்குது. நானா இருந்தா தேதியப் பாக்காம டிக் போட்டிருப்பேன்."

பாலப் பட்டியல் தயாரிக்கும் மேய்ச்சல் குழுவின் எழுத்தருக்குப் போன் போட்டாள்.

"புதுப் பட்டியல் அனுப்பிட்டேனேம்மா!"

"எங்கக்கா அனுப்புனீங்க, உங்க மேசை டிராயருக்கா?"

மறுமுனையில் டிராயர் திறக்கும் சத்தம், அப்புறம் ஒரு அசட்டுச் சிரிப்பு. ஒன்று நாற்பத்தெட்டுக்குப் பட்டியல் வந்தது. மறுபடி ஓட்டினாள். ஒன்பது பச்சை வரிகள். தெமிர்பெக் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணினார். இரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது செயலி வெளியே போனது.

கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் பங்க்கிலிருந்து ஜூமாபாய் கூப்பிட்டார்.

"அம்மாடி, புதுசு இறங்கிடுச்சு. கீழ்ப்பாலம் இந்த வருஷமும் இல்லேங்குதே?"

"ஆமா பெரியப்பா. மேல்வழியாப் போங்க. ஒரு நாள் அதிகமா ஆகும்."

"ஆகட்டுமே. குட்டிங்க நனையாம வரும்ல?"

"வரும், பெரியப்பா."

அவர் போனை அணைக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குட்டிகள் கத்தின, நாய் குரைத்தது, "மேல்வழி! மேல்வழிடா!" என்று அவர் யாரையோ விரட்டினார். சிக்னல் அறுந்துபோகும்வரை சைகல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.