கறைபடாத நான்கு தாள்கள்

செஞ்சி பஜாரில் யாரைக் கேட்டாலும் ஒரே கதையைச் சொல்வார்கள். புஷ்பதந்த நயினார் தவணையில் கார் வாங்கினார். படித்த மகன் பக்கத்திலேயே நின்றான். அவனிடம் காகிதத்தைக் காட்டாமல் கையெழுத்துப் போட்டார். காரும் போயிற்று, நிலமும் போயிற்று.

இது பொய். இதை முதலில் சொன்னவர் புஷ்பதந்த நயினாரேதான். அவர் என் தந்தை, நான் நைனா என்று கூப்பிடுவேன். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் இது. அந்தப் படித்த மகன் நான்.

நைனா போன மாதம், 1968 டிசம்பர் 26ஆம் தேதி இறந்தார். காலையில் கடையைத் திறந்தவர் பூட்டைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்தார், பிறகு எழவில்லை. வயது ஐம்பத்தெட்டு. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் கார் கதையைப் பேசாமல் எழுந்து போகவில்லை. ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

அவர் ஜைன மடம் இருக்கும் மேல்சித்தாமூரில் பிறந்தவர். செஞ்சியில் மல்லாட்டையும், அதாவது நிலக்கடலையும், அரிசியும் வியாபாரம். மூட்டையில் ஈரம் இருந்தால் வாங்குபவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார்.

"மேல இருக்கிறது நல்லா காஞ்சது. அடியில கொஞ்சம் ஈரம் இருக்குது, பாத்துக்க."

கடைக்குப் பின்கட்டிலேயே வீடு. அம்மா மருதேவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

"இந்த வாயை வச்சினு மல்லாட்டை விக்கிறதுக்கு, மடத்துல போய் உக்காந்துக்கலாம்."

"உக்காந்துடுவேன். நீயும் கூட வருவியேன்னுதான் பாக்கறேன்."

ஜைன ஒழுக்கத்தில் அவர் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. துணியில் வடிகட்டாத தண்ணீரைக் குடிக்கமாட்டார். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார். ஆவணிக் கடைசியில் பத்து நாள் தசலட்சண விரதம் வரும். அந்தப் பத்து நாளும் மேல்சித்தாமூர்க் கோயிலில் தங்கிவிடுவார். கடை திறக்காது. பணத்தைக் கையால் தொடமாட்டார். பத்து நாள் பணத்தைத் தொடாமல் இருப்பது அவராக எடுத்துக்கொண்ட நோன்பு.

கார் வாங்கும் யோசனை என்னுடையது. 1963இல் சென்னையில் ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். செஞ்சியில் அப்போது வாடகைக்கு ஒரே ஒரு கார். மழை பெய்தால் அது மேல்சித்தாமூர்ப் பக்கம் வராது. மடத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள் வயதான பெண்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

"நாம ஒரு பழைய கார் வாங்கி வாடகைக்கு வுட்டா இன்னா நைனா?" என்றேன்.

ஒரு வாரம் அவர் கணக்குப் பார்த்தார். பிறகு ஒரு காணி நிலத்தை விற்றார்.

டிசம்பரில் மூன்று பேர் சென்னைக்குப் போனோம். நைனா, நான், டிரைவர் அருள்சாமி. அருள்சாமி பக்கத்து ஊர்க்காரர், பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். காரை ஊருக்கு ஓட்டிவரவும் பிறகு அதிலேயே வேலை பார்க்கவும் அவரைப் பேசியிருந்தோம். மவுண்ட் ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில் கார் கம்பெனி. பழைய கார்களை வாங்கிச் சரிசெய்து தவணைக்கு விற்பவர்கள். மேனேஜர் பேர் பாண்டுரங்கன். உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார். நைனா காப்பியைத் தொடவில்லை.

விலை எட்டாயிரத்து ஐந்நூறு. மூவாயிரத்து ஐந்நூறு கையில் கொடுக்க வேண்டும். மீதிக்கு வட்டியோடு சேர்த்து மாதம் இருநூற்று அறுபது, இருபத்துநான்கு மாதம், ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதிக்குள். நைனா பேரம் பேசவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"ஆவணிக் கடைசியில பத்து நாள் நான் காசைத் தொடமாட்டேன். வண்டியும் ஓடாது. முன்னாடியே கட்டலாம்னா ஆவணியில எங்க கையில காசு இருக்காது. அந்த ஒரு மாசம் மட்டும் இருபத்தஞ்சாந் தேதிக்குள்ள கட்டிடறேன். அதை எழுதிடணும்."

"இதென்ன பெரிய விஷயம், நயினார்? எழுதிட்டா போச்சு," என்றார் பாண்டுரங்கன்.

மூன்று மணிக்குக் காகிதம் வந்தது. நான்கு தாள், பொடி எழுத்து, ஆங்கிலம். நைனாவுக்கு ஆங்கிலம் தெரியாது. என்னிடம் கொடுத்தார்.

"ஜீவா, பூரா படிடா. நான் சொன்னது இருக்குதான்னு பாரு."

கார் பின்முற்றத்தில் நின்றது. தாள்களைப் பின் சீட்டில் வைத்துவிட்டு பானெட்டைத் திறந்தேன். முதலில் காரைப் பார்த்துவிட்டு அப்புறம் படிக்கலாம் என்று நினைத்தேன். வால்வுச் சத்தம் கேட்டேன். ஆயிலைத் தொட்டு முகர்ந்தேன். ஸ்பிரிங் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். கம்பெனி மெக்கானிக்குகள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். நான் கேட்ட கேள்விகளுக்கு மரியாதையாகப் பதில் சொன்னார்கள். படித்து முடித்தபின் ஒரு காரைப் பற்றி என் பேச்சை நாலு பேர் நின்று கேட்டது அதுதான் முதல் தடவை.

நைனா உள்ளே காத்திருந்தார். இதோ முதலாளி வந்துவிடுவார், கையெழுத்தானதும் சாவி என்று உட்கார வைத்திருந்தார்கள். ஐந்து மணிக்கு முற்றத்துக்கு வந்தார். கையில் சோற்றுத் தூக்கு. சுவரின் நிழல் முற்றம் முழுவதும் படர்ந்திருந்தது. நான் காருக்கு அடியில் படுத்திருந்தேன். அருள்சாமி பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். நைனாவின் கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன.

"ஜீவா, பொழுது போவுது. படிச்சிட்டியா?"

"ஆச்சு நைனா."

"நான் சொன்னது எழுதி இருக்குதா?"

அருள்சாமி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"இருக்குது நைனா."

பொய் சொல்கிறோம் என்ற நினைப்புகூட எனக்கு இல்லை. மேனேஜர் சரி என்றது என் காதில் விழுந்திருந்தது. எழுதாமலா இருப்பார்? தவிர, டிஃபரன்ஷியலை இன்னும் பார்க்கவில்லை. கையெல்லாம் கிரீஸ்.

நைனா பின் சீட்டிலிருந்து தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான்கு இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டார். பிறகு குழாயில் கால் கழுவி, முற்றத்து மூலையில் உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்தார்.

காரில் ஒரு குறையும் இல்லை. இன்றும் சொல்வேன். நான் பார்த்தது அதை மட்டும்தான்.

எட்டு மாதம் நன்றாக ஓடியது. பெர்மிட் முறையாக எடுத்திருந்தோம். தவணை ஒரு நாள் தள்ளவில்லை. நைனா எப்போதாவது முன் சீட்டில் ஏறுவார். ரோட்டில் ஓணான் தெரிந்தால் நிறுத்தச் சொல்வார்.

"நயினாரே, நீங்க எறங்கி நடந்தீங்கன்னா நான் கொஞ்சம் சீக்கிரமா போய்ச் சேருவேன்," என்பார் அருள்சாமி.

"நீ போ. ஓணான்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கினு வரேன்."

நான் அதற்குள் வேலூரில் ஒரு பஸ் கம்பெனியின் ஒர்க்ஷாப்பில் சேர்ந்துவிட்டேன். 1964 செப்டம்பரில் விரதம் பத்தாம் தேதியே தொடங்கியது. அம்மா அதற்கு முன்பே சொல்லியிருக்கிறாள்.

"யாருகிட்டயாவது கைமாத்து வாங்கிக் கட்டிட்டுப் போங்களேன்."

"வேணாம். அதான் எழுதி இருக்குதே," என்று சொல்லிவிட்டு அவர் மேல்சித்தாமூர் போய்விட்டார்.

பதினெட்டாம் தேதி கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவர்களிடம் இன்னொரு சாவி இருந்தது. கடை வாசலில் நின்ற காருக்கு முன்னால் அருள்சாமி போய் நின்றுகொண்டார்.

"நயினாரு விரதத்துல இருக்காரு. ரெண்டு நாள் பொறுங்க."

"நாங்க விரதத்துல இல்லப்பா. நவுரு."

பஜாரே நின்று பார்த்தது. கார் போனபின் அருள்சாமி சைக்கிள் மிதித்து மேல்சித்தாமூர் போனார். நைனா கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "சாப்டியா?" என்றாராம். விரதம் முடியும்வரை அவர் எழுந்து வரவில்லை.

விரதம் முடிந்து நைனா கம்பெனிக்குப் போகிறார் என்று வீட்டிலிருந்து எனக்குத் தபால் கார்டு வந்தது. லீவு போட்டு நேராகச் சென்னைக்குப் போனேன். நைனா கம்பெனி வாசலில் நின்றிருந்தார். மடியில் இருநூற்று அறுபது ரூபாய்.

பாண்டுரங்கன் இந்த முறை காப்பி வரவழைக்கவில்லை.

"நீங்க ஆவணிக்கு எழுதறேன்னு சொன்னீங்களே," என்றார் நைனா.

"பேசறது ஆயிரம் பேசுவோம், நயினார். பேப்பர்ல எங்க இருக்கு? காட்டுங்க."

நான்கு தாள்களையும் மேசைமேல் தள்ளினார். அப்போதுதான் நான் படித்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆவணி பற்றி ஒரு வரி இல்லை. தவணை ஏழு நாள் தவறினால் அறிவிப்பு இல்லாமல் காரை எடுக்கலாம். கட்டியதெல்லாம் வாடகைக் கணக்கில் போகும், திரும்பி வராது. ஏழாவது பத்தி, தெளிவாக இருந்தது.

"தம்பி இன்ஜினியரிங் படிச்சவர்னு சொன்னீங்களே. அன்னிக்கு இவர் படிக்கலயா?" என்று கேட்டார் பாண்டுரங்கன்.

நைனா தாள்களைத் தன் பக்கம் இழுத்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார், முன்னும் பின்னும். எழுத்தை அவரால் படிக்க முடியாது. நான்கு தாளும் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒரு விரல் அடையாளம் இல்லை. கார் வாங்கிய அன்று என் கை முழங்கைவரை கறுப்பு. அவர் தலை நிமிர்ந்து என் கைகளைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"இல்லீங்க. அவன்கிட்ட நான் காட்டல. அவன் காரைப் பாத்துனு இருந்தான். பொழுது போவுதேன்னு நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நைனா மூன்று பேர் சீட்டில் ஓரமாக உட்கார்ந்து வந்தார். திண்டிவனத்தில், "வேலைக்கு எத்தினி நாள் லீவு சொல்லியிருக்கிற?" என்று கேட்டார். அவ்வளவுதான். அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மறுநாள் பஜாரில் கேட்டவர்களிடமும் அவர் கம்பெனியில் சொன்னதையேதான் சொன்னார். நாலு வருஷத்தில் எத்தனையோ முறை ஊருக்கு வந்து போனேன். கடையில் சில பேர் என் முன்னாலேயே அவரைக் கேலி செய்தார்கள்.

"நயினாரே, பையன் கையில மெஷின், உங்க கையில பேனா. மாத்திப் புடிச்சிருந்தா கார் இருந்திருக்கும்!"

அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நைனா இறந்த அன்று அருள்சாமி வந்தார். இப்போது அரிசி மில் லாரி ஓட்டுகிறார். நெருப்பு வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் என்னோடு நடந்தார்.

"உங்ககிட்ட நைனா எதாவது சொன்னாரா? அன்னிக்குக் கார் அடியில நடந்ததைப் பத்தி," என்று கேட்டேன்.

"ஒரு வாட்டி நானே ஆரம்பிச்சேன் தம்பி. ‘அருள்சாமி, அன்னிக்கி நீ காரைப் பாத்தியா, பேப்பரைப் பாத்தியா’ன்னாரு. காரைத்தான்னேன். ‘அப்ப அத்தோட இரு’ன்னாரு. இருந்துட்டேன்." சிறிது தூரம் போனபின், "எனக்குப் போனது வேலை. வேற கெடச்சிடுச்சி," என்றார்.

நேற்று ஒன்பதாம் தேதி. ஐந்து மணிக்கு அம்மா எனக்குச் சோறு போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து தானாகவே பேச ஆரம்பித்தாள்.

"பத்தாந் தேதியானா உங்க நைனா பட்டினி கெடப்பாரு, தெரியுமா? நாலு வருசமா. அஷ்டமி, சதுர்த்தசின்னா சரி. இது இன்னா பத்தாந் தேதி விரதம், எந்தத் தீர்த்தங்கரர் இங்கிலீஷ் காலண்டர்ல பொறந்தாருன்னு கேப்பேன். சிரிப்பாரு. தவணை தேதியாச்சே, கார் போன வயித்தெரிச்சல்னு வுட்டுட்டேன். ஒரு நாள் ரொம்ப கேட்டதுக்கு, ‘ஒரு பொய் சொல்லிட்டேன் மருதேவி’ன்னாரு. இன்னா பொய்யின்னு சொல்லவே இல்ல. அந்த மனுசன் இன்னா பொய் சொல்லியிருப்பாரு?"

கையிலெடுத்த சோற்றை இலையிலேயே போட்டேன். தண்ணீர் குடித்தேன். பிறகு சொன்னேன். பின் சீட்டில் வைத்த தாள்கள், காருக்கு அடியிலிருந்து சொன்ன பதில், மேசைமேல் அவர் தாள்களைப் புரட்டியது, என் கைகளைப் பார்த்தது. எதையும் விடவில்லை.

அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"‘எழுதி இருக்குது’ன்னு அன்னிக்கிச் சொன்னாரே. யாரு சொன்னதுன்னு நான் கேக்கல," என்றாள். பிறகு, "அருள்சாமிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப எனக்குத்தான் தெரியல. நாலு வருசம் அந்தாளை நான் எத்தினி பேச்சுப் பேசியிருப்பேன். ‘படிச்ச புள்ளையைப் பக்கத்துல வச்சிக்கினு’ன்னு."

நான் எழப் பார்த்தேன்.

"உக்காரு. இலையில இருக்கிறதைச் சாப்புடு."

சாப்பிட்டேன். ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நான் முடிக்கும்வரை அவள் என்னைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இலையை எடுத்தாள்.

"நாளைக்குப் பத்தாந் தேதி. காலையில கடையைத் தெறந்து உக்காரு. கேக்கறவங்ககிட்ட நீயே சொல்லு. உனக்குச் சோறு வைக்கமாட்டேன்."