சும்மா இரு என்றார் தாடிக்காரர்

சென்ற வாரம் செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடைக்குப் போயிருந்தேன். ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களை நம்பி நடக்கிற கடை. நுழைந்ததும் பட்டைத் தூள் வாசனை. காபியில் எதற்குப் பட்டை என்று கேட்கக் கூடாது, அங்கே அப்படித்தான். கூட என் அக்கா மகள் கவி. எதிர்ச் சுவரில் ஒரு விளம்பரத் தாள் ஒட்டியிருந்தார்கள்: ‘தாவோ வழியில் சும்மா இருக்கப் பழகுவோம். வாரந்தோறும் வகுப்பு.’

“சித்தி, சும்மா இருக்கறதுக்குக் கூடவா க்ளாஸ் வெக்கறாங்க?” என்றாள் கவி.

நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இதே பாடத்தை எங்கள் அம்மா டிவியிலேயே படித்து முடித்தாள், பரீட்சையும் எழுதினாள். அந்தப் பரீட்சையில் பணயமாக இருந்தது, இதோ எதிரே உட்கார்ந்து மேசையே அதிரும்படி கால் ஆட்டிக்கொண்டிருக்கிற இந்தப் பெண்தான். அப்போது இவள் என் அக்காவின் வயிற்றில் இருந்தாள்.

அம்மா இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தாள். தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. எந்நேரமும் புளித்த மாவு வாசனை. நான் வேலைக்குப் போட்டுப் போகிற சுடிதாரில்கூட அது உண்டு. எந்த சென்ட்டும் அதை ஜெயித்ததில்லை. அம்மாவுக்கு உட்காரத் தெரியாது. சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய் உளுந்தைக் களைந்துவிட்டு வருவாள். அப்படிப்பட்டவள் சாயங்காலம் அரை மணி நேரம் மட்டும் டிவி முன்னால் உட்காருவாள். கிரைண்டர் ஓடினால் படம் வரி வரியாக ஆடும் என்பதால் அந்த அரை மணிக்கு கிரைண்டருக்கும் லீவு. தெருவே குடும்ப சீரியல் பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, அம்மா பார்த்தது தமிழில் பேசுகிற ஒரு சீனத்து குங்ஃபூ தொடர். “அழறதைப் பாக்கறதுக்கு டிவி எதுக்குடி? நம்ம வீட்ல இல்லாத அழுகையா?” என்பாள்.

அந்தத் தொடரில் மலை மேல் ஒரு கிழவர். நரைத்த தாடி தொப்புள் வரைக்கும். அவருக்கு ஏதோ பெயர் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அவர் தாடிக்காரர். ஒரு முரட்டுச் சீடன் மூச்சிரைக்க ஓடிவந்து என்ன சொன்னாலும் அவர் பதில் ஒன்றுதான். எதிரி ஊருக்குள் வந்துவிட்டான் குருவே! சும்மா இரு. நம் குடிசைக்குத் தீ வைக்கிறார்கள் குருவே! சும்மா இரு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சீன வாய் எத்தனை தடவை திறந்து மூடுகிறதோ அதற்குள் அடங்குகிற வார்த்தையைப் போட்டுத் தமிழ் பேசியவர்கள் வேலையை முடித்துவிட்டார்கள் என்பது என் கட்சி. வாயை மூடு என்கிற அர்த்தத்தில்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். அம்மா அடிவயிற்றிலிருந்து குரலை இழுத்து அதை அப்படியே சொல்லிக்காட்டுவாள். வாசலில் நின்று மாவுக்கு அவசரப்படுத்துகிறவர்களுக்கும் தாடிக்காரர் குரலில்தான் பதில். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. மறுநாள் அவர்களே தூக்கோடு வந்து நிற்பார்கள்.

ஒரு நாள் கதையில் காட்டாற்று வெள்ளம். சீடன் எதிர்நீச்சல் போட்டுத் தண்ணீர் குடிக்கிறான். தாடிக்காரரும் விழுகிறார். அவர் கையைக் காலை அடிக்கவே இல்லை. வெள்ளம் போன போக்கில் போய், எங்கோ கீழே ஒரு வளைவில் கரையேறித் தாடியைப் பிழிந்துகொள்கிறார். “இன்னா அநியாயம்மா இது, நீச்சல் அடிக்காதவரு பொழைச்சிக்கறாரு?” என்றேன். அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “வுழுந்த எடத்துலயே ஏறணும்னு யாரு சொன்னா? அது எங்க வுடுதோ அங்க எறங்கிக்க வேண்டியதுதான்” என்றாள். டவுன் பஸ் நெரிசலில் சிக்கி எத்தனையோ நாள் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தவள் அல்லவா.

அப்போது நான் இதே செங்கம் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அடிக்கடி வருகிற ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஒரு நாள், இந்த ஊரில் எல்லோரும் சும்மா சும்மா என்கிறீர்களே, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். என் ஆங்கிலத்தின் லட்சணம் தெரிந்து நிதானமாகவே கேட்டார். நான் தலையைச் சொறிந்தேன். சும்மா வந்தேன் என்றால் காரணமில்லாமல். சும்மா கொடுத்தான் என்றால் காசில்லாமல். சும்மா சொன்னேன் என்றால் பொய். சும்மா சும்மா வராதே என்றால் அடிக்கடி. சும்மா இரு என்றால், அது சொல்கிற ஆளைப் பொறுத்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, சீனாவில் தாவோ என்று ஒரு வழி இருக்கிறது, முட்டி மோதாமல் காரியத்தை அதன் போக்கில் நடக்க விடுவது அதில் பெரிய பாடம், தண்ணீரையும் பானைக்குள் இருக்கிற வெற்றிடத்தையும் உதாரணம் சொல்வார்கள், உங்கள் சும்மா அதற்குக் கிட்டத்தில் வருகிறது என்றார். அடடா! தாடிக்காரர் இத்தனை நாளாகத் திட்டவில்லை, தத்துவம் பேசியிருக்கிறார்!

ஓட்டமாக வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசியைக் களைந்துகொண்டே, “அவருக்கு இன்னா? மாவு அரைக்கணுமா, குண்டான் கழுவணுமா? மலை மேல குந்திகினு சும்மா இருன்னு யாரு வேணா சொல்லலாம். கீழ எறங்கி வரச் சொல்லு பாக்கலாம்” என்றாள்.

உண்மையில் அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாராலும் சும்மா இருக்க முடியவில்லை. அக்கா வளைகாப்பு முடிந்து வந்திருந்தாள். அதற்கு முந்திய வருஷம் ஒன்று உண்டாகித் தங்காமல் போயிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் அது எங்களோடு ஒரு ஆள் மாதிரி வீட்டில் இருந்தது. அக்கா இருமினால் அம்மாவின் கை நின்றுவிடும். நான் வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே அக்கா முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். குனிந்தால் சும்மா இரு, மாடிப்படியைப் பார்த்தால் சும்மா இரு, குடத்தைத் தொட்டால் சும்மா இரு என்று அம்மா நாள் முழுக்க அவளை விரட்டினாள். இதில் தாடிக்காரர் குரல் இல்லை. பயந்துபோன பொம்பளையின் குரல். அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

கார்த்திகை தீபத்தன்று அது வெடித்தது. அதுவரை எங்கள் மொட்டை மாடியிலிருந்தே மலையுச்சி தெரியும். அந்த வருஷம் பக்கத்தில் ஒரு லாட்ஜ் எழும்பி உச்சியை மறைத்துவிட்டது. “டிவில நேரா காட்டறாங்க. ஒக்காந்த எடத்துல பாரு” என்றாள் அம்மா.

“மலைக்குக் கீழயே இருந்துகினு டிவில பாக்கணுமா? சந்து முனை வரைக்கும்தானேம்மா. நான் இன்னா கைதியா?” என்றாள் அக்கா. அம்மா அரைமனதாகச் சம்மதித்தாள்.

இந்தத் தப்பை வெளியூர்க்காரர்கள் செய்ய மாட்டார்கள். அவர்கள் கூட்டத்துக்குப் பயந்து மதியமே இடம் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். நம்ம சந்துதானே, நம்ம முனைதானே என்று கடைசி நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவது உள்ளூர்க்காரர்களுக்கே உரிய புத்தி. மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கேற்றுவோம் என்பதால், அகல்களை எண்ணெயும் திரியுமாக வரிசையாக வைத்துவிட்டு மூன்று பேரும் போனோம். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், ஊரிலிருந்து வந்துகொண்டே இருந்தார்; பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம்.

முனையில் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு வீதியில் முன்னால் போன கூட்டம் எதனாலோ நின்றது. பின்னால் வந்த கூட்டம் நிற்கவில்லை. நெரிசல் பிதுங்கி சந்துக்குள்ளும் ஏறியது. திரும்பிப் பார்த்தால் எங்களுக்கும் வீட்டுக்கும் நடுவே முகங்கள். அக்கா பதறிப்போய் வீட்டுப் பக்கம் திரும்பி, முன்னால் நின்ற ஆளைத் தள்ளினாள். அந்தத் தள்ளல் எங்கோ போய் முட்டி, பத்து ஆள் பலத்தோடு திரும்பி வந்தது. அவள் மறுபடி தள்ளினாள். நானும் தள்ளினேன், பைத்தியக்காரி மாதிரி. வளைகாப்பு வளையல்கள் படபடவென்று உடைகிற சத்தம் கேட்டது. “அம்மா, வயிறு! வயிறும்மா!” என்று அக்கா கத்தினாள். அந்தக் குரலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

அப்போதுதான் வந்தது, அடிவயிற்றிலிருந்து: “சும்மா இரு!”

அம்மாதான். ஆனால் குரல் தாடிக்காரருடையது. அக்கா திகைத்து நின்றுவிட்டாள். அந்த நிலையிலும் அவள் உதடு சிரிப்பில் கோணியதைப் பார்த்தேன். அம்மா அவளுக்கு நேர் எதிரே திரும்பி, முழங்கைகளை அகட்டி, கைகளை அக்காவின் தோளில் கொக்கி போட்டாள். “நீ பின்னால பூட்டிக்கடி!” என்றாள் என்னிடம். நான் அக்காவின் முதுகோடு ஒட்டி அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டேன். குண்டான் குண்டானாக மாவு தூக்கிய கைகள், வளையவில்லை. நடுவில் அக்காவின் வயிற்றைச் சுற்றி ஒரு பானை வாய் அகலத்துக்கு இடம் நின்றது.

“தள்ளாத. வீட்டை மறந்துடு. எங்க வுடுதோ அங்க எறங்கிக்கலாம்.”

கூட்டம் எங்களை எடுத்துக்கொண்டது. கால் தரையில் பாவியதும் உண்டு, பாவாததும் உண்டு. அக்காவின் செருப்பு போயிற்று. இடது பக்கம் இழுத்தால் இடது பக்கம் போனோம். நின்றால் நின்றோம். கொஞ்சம் தளர்கிறபோதெல்லாம் அம்மா ஒரு எட்டு ஓரத்துக்கு நகர்த்தினாள். இறுகினால் மறுபடி அசையாமல் நின்றாள். என்னால் மூச்சு விட முடியவில்லை. செத்தோம் என்றே நினைத்தேன். கடைசியில் எங்கள் சந்துக்கு வெகு தூரம் தள்ளி, ஒரு பாத்திரக் கடையின் மூடிய ஷட்டருக்கு முன்னால் இருந்த படியில் அது எங்களை இறக்கிவிட்டது.

அக்காவை உட்கார வைத்தோம். முழங்கையில் வளையல் கீறி ரத்தம். யாரோ தண்ணீர் பாட்டில் நீட்டினார்கள். அக்கா குடிக்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“அம்மா, அது சும்மா இருக்கும்மா.”

எனக்கு முதலில் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

“எப்பவும் இந்நேரத்துக்கு உதைக்கும்மா. இப்ப சும்மா இருக்கு.”

ஆட்டோ வர வழியில்லை. எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது? மாமாவுக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் மலையில் தீபம் ஏற்றினார்கள் போலிருக்கிறது. ஊரே ஒரே குரலில் அரோகரா என்றது. ஷட்டர் அதிர்ந்தது. அத்தனை ஆயிரம் தலையும் மேலே நிமிர்ந்திருக்க, நாங்கள் மூன்று பேர் மட்டும் குனிந்து ஒரு வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அசைவே இல்லை. மலைக்குக் கீழே பிறந்து வளர்ந்த நாங்கள் அந்த வருஷம் தீபம் பார்க்கவில்லை.

அம்மா படியில் மண்டியிட்டு, அக்காவின் வயிற்றில் வாயை வைத்துப் பேசினாள். தாடிக்காரர் குரல் இல்லை, விரட்டுகிற குரலும் இல்லை. “ஆடு கண்ணு. ஆடுறா தங்கம். நான் உன்னைச் சொல்லலடா, உங்கம்மாவைத்தான் சொன்னேன். யாரு சொன்னாலும் நீ சும்மா இருக்காத. ஆடு.”

எத்தனை நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. கூட்டம் கிரிவலத்துக்குத் திரும்பிப் போகத் தொடங்கியிருந்தது. அப்போது அக்காவின் புடவை மடிப்பு ஒன்று தானாக நகர்ந்தது. மறுபடியும் நகர்ந்தது. அக்கா “ஆ!” என்றாள். அம்மா பொத்தென்று படியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வீட்டில் இல்லாத அழுகை எல்லாம் அங்கே வந்தது.

கவி நல்லபடியாகப் பிறந்தாள். பிறந்ததிலிருந்து ஆட்டம்தான். கட்டிலில் குதிப்பாள், சேரில் ஏறுவாள், சாப்பிடும்போது கால் ஆட்டுவாள். கால் ஆட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அம்மா மட்டும் எடுத்தெறிந்து பேசுவாள்: “ஆடட்டும் வுடுங்க. அது ஆடறதைப் பாக்கத்தான் நான் ஒக்காந்திருக்கேன்.” உட்காரத் தெரியாத அம்மா அப்படித்தான் உட்காரப் பழகினாள். சும்மா இரு என்கிற வார்த்தை எங்கள் வீட்டில் அன்றோடு நின்றது. அந்தப் பெண்ணை ஒருவரும் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை.

அந்தத் தொடரை இப்போது எவ்வளவு தேடினாலும் போனில் கிடைக்கவில்லை. ஆளுக்கொரு போனில் ஆளுக்கொன்று பார்க்கிறோம். கிரைண்டரை விற்றாயிற்று. லாட்ஜுக்கு மேல் இன்னும் மாடி ஏறிவிட்டது. அம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன.

காபி வந்தது. கவியின் கால் ஆட்டத்தில் தளும்பி பக்கத்து மேசை வரை தெறித்தது. அங்கே கண்ணை மூடி உட்கார்ந்திருந்த பெரியவர் விழித்துக்கொண்டு, “கொஞ்சம் சும்மா இரும்மா” என்றார். நல்ல மனிதர்தான், மெதுவாகத்தான் சொன்னார். எனக்குச் சுரீர் என்றது.

“ஆடட்டும் வுடுங்க” என்றேன்.

கவி என்னைத் திரும்பிப் பார்த்தாள், அது அவள் பாட்டியின் வார்த்தை. சொன்ன வேகத்தில் அம்மாவின் குரல்தான் வரும் என்று நானும் ஒரு கணம் எதிர்பார்த்தேன். வரவில்லை. என் குரல்தான் கேட்டது.