இரும்புக்குச் சொன்ன கணக்கு

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்பு உருளைகளை அளந்து பாஸ் போடும் பிரிவுக்கு இன்று நான்தான் பொறுப்பு. ஷிஃப்ட் முடிந்து வந்து, ஐந்து பிள்ளைகளுக்கும் வீட்டில் பாடம் சொல்லித் தருவதும் நான்தான். கொரோனாவில் படிப்பு நின்ற பெரிய பிள்ளைகளை, நோய்ப் பயத்தில் திரும்பப் பள்ளிக்கு அனுப்பவில்லை. சின்னவர்களைச் சேர்க்கவேயில்லை.

மூத்தவள் அடுத்த மாதம் தனித்தேர்வராகப் பத்தாவது பரீட்சை எழுத வேண்டும். ஞாயிறு காலை அவளுடைய மாதிரித் தேர்வைத் திருத்தினேன். ஒரு கணக்குக்கு விடை இருபத்தைந்து. அவள் 24.98 என்று எழுதி, தானே சரி போட்டிருந்தாள்.

“இன்னாடி இது?”

“கிட்டத்தான கீது. புள்ளி சீரோ அஞ்சு முன்ன பின்ன இருந்தா பாஸுன்னு நீதானம்மா சொன்ன?”

“அது கம்பெனி இரும்புக்குடி.”

“கணக்குக்கு வேறன்னு நீ சொல்லவே இல்லியே.”

சொல்லவில்லைதான். மற்ற நால்வரும் தங்கள் நோட்டுகளை மெல்ல மூடினார்கள்.

அப்போது கம்பெனியிலிருந்து போன் வந்தது. லோடு நிற்கிறதாம், உடனே வர வேண்டுமாம். “வரேன் சார்” என்றேன்.

நெமிலிச்சேரியில் ரயில் ஏறியதும், இன்னும் எதையெல்லாம் தப்பாகச் சொல்லித் தந்தேனோ என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். வேலையை விட முடியாது, வீட்டில் சம்பளம் என்னுடையது மட்டும்தான். பள்ளியில் சேர்த்தால் மூத்தவளை எந்த வகுப்பில் உட்காரவைப்பார்களோ. அம்பத்தூர் வந்தபோதும் தப்புகளின் பட்டியல் முடியவில்லை.