மணல் நிறப் பிடி

ஒரு கத்தி வாங்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வெளியில் எடுத்துப் போகிற கத்தி வேறு, அடுக்களைக் கத்தி வேறு. வீட்டில் காய்க்கு ஒன்று, கறிக்கு ஒன்று, தேங்காய்க்கு அரிவாள்மனை என்று சொகுசாக இருக்கலாம். வெளியில் போனால் ஒன்றே ஒன்றுதான். அதுவே மீன் செதிலைச் சுரண்ட வேண்டும், நுங்கைச் சீவ வேண்டும், கயிற்றை அறுக்க வேண்டும், சவுக்குக் குச்சியைப் பிளக்க வேண்டும், எலுமிச்சம்பழமும் நறுக்க வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் வீடு திரும்ப வேண்டும். மாப்பிள்ளை பார்ப்பதற்குக்கூட இத்தனை நிபந்தனை போடுவதில்லை.

வீடு செங்கல்பட்டில், வேலை நாவலூரில். ஆபீஸ் பஸ்ஸில் போக வர ஆகிற நேரம் முழுக்கக் கத்தி வீடியோ பார்த்தேன். அதில் வருகிறவர்கள் எல்லாம் பனிமலையில் உட்கார்ந்துகொண்டு, கரடி வந்தால் என்ன செய்வது என்று பேசினார்கள். எனக்குக் கரடி வேண்டாம், சங்கரா மீன் போதும். பக்கத்து சீட்காரர் ஒருநாள் என் போனை எட்டிப் பார்த்தார். மறுநாளிலிருந்து அவர் வேறு சீட்டில் உட்கார ஆரம்பித்துவிட்டார்.

முதலில் ஒரு மடக்குக் கத்தி வந்தது. பிரித்தால் கத்தி, திருப்புளி, கத்தரிக்கோல், பல் குத்தும் குச்சி, எதற்கென்றே தெரியாத ஒரு கொக்கி. ஆசையாக ஒரு மீனை வெட்டிப் பார்த்தேன். மடிப்புக்குள் செதில் போய் உட்கார்ந்துகொண்டது, எவ்வளவு கழுவியும் வெளியே வரவில்லை, மேஜை இழுப்பறையே நாறியது. அடுத்து வந்தது படத்தில் ஒரு சாண் நீளம் போலத் தெரிந்தது. பெட்டியைப் பிரித்தால் முழங்கை அளவு இருந்தது.

"இத்த எட்துகினு போனா நீங்க பீச்சுக்குப் போய்ச் சேர மாட்டீங்க, போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போவீங்க" என்றாள் என் மனைவி. அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இந்த இடத்தில் என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் அண்ணன். படாளத்தில் இருக்கிறார். கொஞ்சம் நெல், ஒரு மினி லாரி. கல்யாணமான நாளிலிருந்து நானும் அவரும் சேர்ந்து சுற்றாத இடமில்லை. ஆனால் நான் கத்தி தேடிக்கொண்டிருந்த அந்த மழைக்காலத்தில் எங்களுக்குள் பேச்சு நின்று ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

காரணம், என் மகளின் காது குத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். அன்று மச்சான் சீர்த்தட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியவர், ஊரைத் தாண்டியதும் டயர் வெடித்து ரோட்டோரம் நின்றுவிட்டார். இங்கே நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஐயர் ஒரு பக்கம், வேறு வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஆசாரி ஒரு பக்கம். கடைசியில் மனைவியின் சித்தப்பா மகன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் குத்திவிட்டோம். மச்சான் வந்து பார்த்தார். தட்டுகளை வரிசையாக இறக்கி வைத்தார், சாப்பிடாமல் போய்விட்டார். யாரும் கத்தவில்லை. யாரும் யாரையும் திட்டவும் இல்லை. பேச்சு நின்றுபோனது, அவ்வளவுதான்.

இதில் மாட்டிக்கொண்டு தவித்தது என் மனைவிதான். பொங்கலுக்கு அண்ணன் சீர் கொண்டுவருவார், நான் கடைக்குப் போயிருப்பேன். நான் படாளம் போனால் அவர் லோடு ஏற்றப் போயிருப்பார். இவள் இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். "உங்க ரெண்டு பேர் நடுவுல கெடந்து எனக்கு பேஜாராப் பூட்ச்சி" என்று ஒருநாள் அழுதாள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் யார் முதலில் வாயைத் திறப்பது?

கத்திதான் திறந்தது. ஒரு நாள் அவள் அண்ணனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் போட்டிருந்தது.

"இவரு ஒரு கத்தி வாங்கறேன்னு ரெண்டு மாசமா பாத்துக்கினே கீறாருண்ணே."

"இன்னாத்துக்குக் கத்தி?"

நான் டிவியைப் பார்த்தபடியே, "வெளிய எடுத்துட்டுப் போறதுக்குன்னு சொல்லு" என்றேன். சொன்னாள்.

"மடக்குறது வாணாம்னு சொல்லு. மடிப்புல அழுக்கு பூந்துக்கும்."

அதை நான் ஏற்கெனவே காசு கொடுத்துத் தெரிந்துகொண்டிருந்தேன். விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "தெரியும்னு சொல்லு" என்றேன்.

அதிலிருந்து போன் வந்தாலே கத்திதான். நீளம் எவ்வளவு இருக்கலாம் என்று ஒரு நாள். உள்ளங்கை அகலத்துக்குமேல் கொஞ்சம், ஒரு சாணுக்குக் குறைவு என்று முடிவானது. முதுகு தடியாக இருந்தால்தான் கட்டையால் தட்டி விறகு பிளக்கலாம் என்றார் அவர். வாய் மெல்லிசாக இருந்தால்தான் மீன் கிழியாமல் அறுபடும் என்றேன் நான். பிடிக்குள் இரும்பு கடைசிவரை ஓட வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. எல்லாப் பேச்சும் "சொல்லு", "சொல்லிடு" என்று அவள் வழியாகவே போய் வந்தது. அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சலித்துக்கொள்வதுபோல நடிப்பாள். முகத்தில் மட்டும் சந்தோஷத்தை ஒளிக்கத் தெரியாது.

கடைசியாகப் பிடியின் நிறம். "ஆரஞ்சு கலர் பிடி கெடைக்கும். அத்த வாங்கச் சொல்லு. கீழ வுயுந்தாலும் கண்ணுக்கு ஆப்டும்" என்றார் மச்சான்.

"ஆரஞ்சா? கொழந்தைங்க வெளையாட்டு சாமான் மாதிரி இருக்கும்னு சொல்லு" என்றேன்.

பஜாரில் ஒரு பாய் கடை. அங்கேதான் நாங்கள் பேசிப் பேசி உண்டாக்கிய அந்தக் கத்தி நிஜமாகவே இருந்தது. மடக்காதது, உறையோடு, துருப்பிடிக்காதது. ஆரஞ்சுப் பிடியில் ஒன்று, வெளிர் பழுப்பில் ஒன்று. பாய் ஆரஞ்சை முன்னால் தள்ளினார். நான் பழுப்பை எடுத்தேன். நல்ல காய்ந்த மணல் நிறம். பார்க்க எவ்வளவு கௌரவமாக இருந்தது தெரியுமா! இரண்டு நாள் அதைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு தூங்கினேன்.

"வாங்கிட்டு சும்மா வச்சிக்கவா? ஒரு நாயித்துக்கெயம மாமல்லபுரம் பக்கம் போய் மீன் சுட்டுச் சாப்டலாம். அண்ணனும் வரட்டும்" என்றாள் மனைவி. நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை என்பதுதான் ஆச்சரியம். கத்தியைப் பார்க்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை என்று பிறகு தெரிந்தது.

தை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. மச்சான் வாசலில் வந்து நின்றார். தனியாகத்தான் வந்திருந்தார். அவர் மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாராம். நான் "வா மச்சான்" என்றேன். அவர் "ம்" என்றார். கத்தியை நீட்டப் போனேன். மனைவி பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ வைங்க! ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்குங்க. இன்னிக்குப் பூரா கத்திய கைக்குக் கை குடுக்கக் கூடாது. ஒருத்தர் கீழ வைக்கணும், ஒருத்தர் எடுக்கணும்."

இது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கத்தியோ கத்தரிக்கோலோ கைக்குக் கை மாறினால், கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும். மற்ற நாளில் அவள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள். அன்று அவளுக்கு அது உயிர். நான் கத்தியைத் தரையில் வைத்தேன். மச்சான் குனிந்து எடுத்தார், கட்டைவிரலால் வாயைத் தடவினார், முதுகைப் பார்த்தார், சாண் போட்டு அளந்தார்.

"ஆரஞ்சு இல்லியா?" என்று கேட்டார், என்னை இல்லை, தங்கையைப் பார்த்து.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். கரையோரம் மீன் விற்ற அம்மாவிடம் சங்கரா வாங்கினேன். "வெட்டித் தரட்டா சார்?" என்று கேட்டாள். "வாணாம்மா, எங்ககிட்ட கத்தி கீது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு முழு மீனாகவே பையில் போட்டுக் கொடுத்தாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஈ.சி.ஆரை விட்டு இறங்கி, சவுக்குத்தோப்பு முடிகிற இடத்தில் ஜமக்காளம் விரித்தோம். மூன்று கல் வைத்து நெருப்பு மூட்டினேன். மச்சான் கத்தியால் குச்சி பிளந்தார், கயிறு அறுத்தார், ஒரு மீனைச் செதில் சுரண்டிக் குடல் எடுத்தார். எதிலும் அது சோடை போகவில்லை. "நல்லாத்தான் கீது" என்றார் கடலைப் பார்த்து. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அடுத்த மீனைக் கீறி மசாலா தடவுவது என் வேலை. அவர் விதி மாறாமல் கத்தியை என் பக்கத்தில் மணலில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. மகளின் குட்டிக் குடை கையை விட்டுப் பறந்தது. அவள் குடைக்குப் பின்னால் அலையை நோக்கி ஓட, அவளுக்குப் பின்னால் நாங்கள் மூவரும் ஓடினோம். குடையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தால் கத்தி இல்லை. ஓடிய ஓட்டத்தில் எங்கள் கால்களே மணலை வாரி அதன்மேல் போட்டிருக்க வேண்டும். முழுக்க மூடாமல் இருந்தால் பிடியாவது தெரிய வேண்டும். மணலில் மணல் நிறப் பிடி எங்கிருந்து தெரியும்?

கையால் துழாவினால் விரல் போய்விடும். ஆளுக்கொரு சவுக்குக் குச்சியை எடுத்துக்கொண்டு மணலைக் கீற ஆரம்பித்தோம்.

"இங்கதான் வெச்சேன் மாப்ள."

"இங்க இல்லியே."

"ஆரஞ்சு வாங்குன்னு தலபாடா அட்சிகினேன்!"

"மணல்ல எவனாச்சும் கத்திய வெப்பானா?"

"உன் பொண்டாட்டிதான் கீழ வைன்னா!"

"உன் தங்கச்சிதான் அது!"

நடுவில் ஆள் இல்லாமல் நேருக்கு நேர் பேசுகிறோம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அவ்வளவு கோபம். அவருக்கு அதைவிடக் கோபம்.

"எல்லாத்துலயும் உனக்கு அவசரம். கத்தியில அவசரம். அன்னிக்கும் அவசரம். நான் ரோட்டுல டயரு கயட்டிக்கினு கீறேன், நீ இங்க புள்ளைக்குக் காத குத்திட்ட!"

"ஒரு போன் போட்டியா நீ?"

"கையெல்லாம் கிரீஸு!"

"தொடச்சிட்டுப் போடறது!"

"இருங்கடான்னு நீ போட்டிருக்கலாமே! எனக்கு இன்னா நாலஞ்சு புள்ளையா கீது? ஒண்ணுகூட இல்ல. இவ ஒருத்திதான். ஒரு தபா மடில வெச்சிக்கணும்னு ஆசப்பட்டேன், அவ்ளோதான் மாப்ள."

குச்சி என் கையில் அப்படியே நின்றது. ரெண்டு வருஷமாக அவர் கோபம் மரியாதை சம்பந்தப்பட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ சாப்டாம போனியே மச்சான். அன்னிக்கு நானும் சாப்டல" என்றேன்.

"பாயசம் சாப்டீங்க" என்றாள் மனைவி, அழுகிற குரலில்.

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் குச்சியைப் படபடவென்று இழுத்தார். டிங் என்றது. மணலை ஒதுக்கிக் கத்தியை எடுத்தார், லுங்கியில் துடைத்தார். கத்தியின் முதுகு தன் உள்ளங்கையில் பதியப் பிடித்துக்கொண்டு, பிடியை என் பக்கம் நீட்டினார்.

"அண்ணே, கீழ வையி!" என்று அலறினாள் மனைவி.

"கீழ வாணாம்!" என்று நானும் அவரும் ஒரே குரலில் கத்தினோம்.

கைநீட்டி வாங்கிக்கொண்டேன். அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "போச்சு. இனிமே ரெண்டு பேருக்கும் சண்டதான்."

"வரட்டும்மா" என்றார் மச்சான். "சண்ட போடணும்னா பேசணுமில்ல? ரெண்டு வருசமா அதுக்குக்கூட வழியில்லாம கெடந்தோம்."

அவள் அழுதாள், கூடவே சிரித்தாள். நானும் கொஞ்சம் அழுதேன், அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

அந்தப் பிடியில் இப்போது ஆரஞ்சு டேப் சுற்றியிருக்கிறது. டேப்பை எந்தப் பக்கமிருந்து சுற்றுவது என்பதில் எங்களுக்குள் பெரிய தகராறே நடந்தது.

அன்று அணைந்துபோயிருந்த நெருப்பை மறுபடி மூட்டி மீனைச் சுட்டோம். வாயில் வைத்தால் நறநறவென்று மணல். யாரும் குறை சொல்லவில்லை. மகள் தட்டை எடுத்துக்கொண்டு நேராக மாமன் மடியில் போய் உட்கார்ந்தாள். ஒன்றாம் வகுப்புக்குப் போகிறவள், வளர்ந்துவிட்டாள். மடி போதாமல் கால் இரண்டும் வெளியே மணலில் கிடந்தன. அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை மச்சான் அசையவே இல்லை.